உள்ளங்கைச் சீனி

தம்பி,

மூன்று மணி டீக்கு வருகிற லாரிக்காரர்கள் சாத்திக் கிடக்கிற கடையைப் பார்த்து ஹாரன் அடித்துவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நான் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். தீபாவளி, பொங்கல், உன் கல்யாணம் தவிர வேறு எதற்கும் பகல் வேளையில் இந்தக் கடையைச் சாத்தியது கிடையாது. இன்றைக்குச் சாத்திவிட்டேன். போனில் பேசினால் நீ பாதியிலேயே வைத்துவிடுகிறாய். கடிதத்தையும் பாதியில் வைக்கலாம்தான். ஆனால் அது வைத்த இடத்திலேயே கிடக்கும், கோபம் தணிந்ததும் எடுத்து மீதியைப் படித்துக்கொள்ளலாம். பத்தாவதோடு நின்றவள் என்றாலும், இத்தனை வருஷமாக லாரிக்காரர்களுக்குத் தினம் பேப்பரைச் சத்தமாகப் படித்துக் காட்டியவள் நான். எழுத்து இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

அடுத்த வாரம் வியாழக்கிழமை காலையில் பெரம்பலூரில் ஒரு கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு, பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடப் போகிறோம், நானும் தங்கராசுவும். நீ சின்ன வயதில் 'பிளேன்டீ மாமா' என்று கூப்பிட்ட அதே தங்கராசு. என் பக்கத்து உறவுகளில் உனக்குத்தான் முதலில் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லி முடித்ததும் "இந்த வயசுல உனக்கு இது அசிங்கமா இல்லையாம்மா?" என்று கேட்டாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிப்பதற்குள், "அப்ப, அவரு டீ குடிக்க வந்தப்பவே இதெல்லாம் உண்டா?" என்றாய். அதோடு போனை வைத்துவிட்டாய்.

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். அசிங்கமாக இல்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது என்றால், நேற்று இரண்டு பேருக்குச் சர்க்கரை போட மறந்து டீ கொடுத்தேன், ஒருவருக்கு டீத்தூளே போடாமல் வெறும் பாலைக் கொடுத்தேன். அந்த ஆளும் மரியாதைக்குக் குடித்துவிட்டுப் போனார். இரண்டாவது கேள்விதான் உனக்குள் முள்ளாகக் குத்துகிறது என்று எனக்குத் தெரியும். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் ஆரம்பத்திலிருந்து வர வேண்டும். என் வாழ்க்கையில் நடந்தது எல்லாமே டீயைக் கையில் வைத்துக்கொண்டுதான் நடந்திருக்கிறது.

உன் அப்பா என்னைப் பெண் பார்க்க ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊருக்கு வந்த அன்றைக்கு, டீ போட்டது நான்தான். எனக்கு அப்போதே டீ என்றால் உயிர். ஆனால் எங்கள் வீட்டில் பெண்பிள்ளைகளுக்கு முதல் டீ கிடைக்காது. ஆண்கள் குடித்த பிறகு, வடிகட்டிய தூளையே மறுபடியும் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்த டீதான் எங்களுக்கு. அன்றைக்கு விருந்தாளிகளுக்காக இஞ்சி தட்டிப் போட்டிருந்தேன். அந்த வாசனை மூக்கில் ஏற ஏற எனக்கு நாக்கு ஊறியது. தட்டை ஏந்திக்கொண்டு தலையைக் குனிந்தபடி ஒவ்வொருவராகக் கொடுத்து முடித்தேன். எல்லாரும் உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்போது ஒரு குரல், "பொண்ணு டீ குடிச்சிச்சா?" என்று கேட்டது. அது உன் அப்பா. பக்கத்திலிருந்த அவருடைய அத்தை தொடையில் கிள்ளினதாகப் பிறகு சொன்னார். நான் அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. அந்தக் குரலுக்குத்தான் சம்மதம் சொன்னேன். கல்யாணமாகி ஆலத்தியூர் வந்த பிறகு, சிமெண்ட் ஆலையில் காலை ஷிப்ட் இருக்கிற நாட்களில் அவரே எழுந்து டீ போட்டு, எனக்கு ஒரு தம்ளர் மூடி வைத்துவிட்டுத்தான் போவார். உன் அப்பாவை நான் மறந்துவிட்டேன் என்று நீ நினைத்தால், அந்த மூடிவைத்த தம்ளரை நீ பார்த்ததில்லை என்றுதான் சொல்வேன்.

அவர் மஞ்சள்காமாலையில் போனபோது நீ ஏழாவது படித்துக்கொண்டிருந்தாய். துக்க வீட்டில் அடுப்பு எரியாது, அக்கம்பக்கத்தார்தான் டீ வைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள், உனக்குத் தெரியும். நமக்குக் கொண்டுவந்தது எதிர்வீட்டு ராணி அக்கா. பால் விடாத டீ, தூக்குவாளியில். எனக்கு ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. மற்றவர்கள் எல்லாம் குடி, குடி என்று வற்புறுத்தினார்கள், பிள்ளைக்காகவாவது குடி என்றார்கள். ராணி அக்கா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. தம்ளரை என் கையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். ஆறிப்போனதும் வாங்கி வாசலில் கொட்டிவிட்டு, சூடாக இன்னொன்று ஊற்றி வைப்பார். அது ஆறும். மறுபடி கொட்டுவார். காரியம் முடிகிற வரைக்கும் இப்படியே நடந்தது. ஒரு சாயங்காலம் நான் என்னையறியாமலே தம்ளரை வாயில் வைத்து முழுவதையும் குடித்திருக்கிறேன். அப்போதும் அவர் ஒன்றும் சொல்லாமல் தூக்கை எடுத்துக்கொண்டு போனார். பொறுமை என்பதற்கு யாராவது எனக்கு அர்த்தம் கேட்டால் ராணி அக்காவைக் காட்டுவேன்.

கடை வைக்கப் போகிறேன் என்றபோது உன் சித்தப்பா குதித்த குதி உனக்கு நினைவிருக்கும். லாரி போகிற ரோட்டில் ஒரு பொம்பளை டீக்கடை வைத்தால் குடும்ப மானம் என்ன ஆவது என்றார். ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது எனக்கு ஒரு நொடி அவர் குரல்தான் கேட்டது, அதற்காகத்தான் சிரித்தேன். நீ அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாய் என்று நினைக்கிறேன். கடை வைத்த புதிதில் எனக்கு ஒரே அவசரம். நல்ல நிறம் வர வேண்டும், சீக்கிரம் வர வேண்டும் என்று தூளை அள்ளிப் போட்டு, பொங்கப் பொங்க எரிப்பேன். நிறம் வந்துவிடும், டீ கசக்கும். வந்தவர்கள் மறுநாள் வரவில்லை. தூளுக்கு ஒரு நேரம் இருக்கிறது என்பதும், அதைக் கொதிக்கவிட்டு அடுப்பைத் தணித்துச் சும்மா நிற்க வேண்டும் என்பதும் எனக்குப் புரிய நாளானது. சும்மா நிற்பதுதான் இந்தத் தொழிலிலேயே கஷ்டமான வேலை.

அந்தக் கசப்பு டீக் காலத்தில்தான் தங்கராசு வந்தார். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார், குடும்பத்தோடு ஆலத்தியூரிலேயே வாடகைக்கு இருந்தார். இறங்கி வந்தவர், "பால் வேணாங்க. சீனிய டீல போடாம கையில குடுங்க" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நம் பக்கத்தில் சர்க்கரை என்போம், அவர் சீனி என்றார். அதுவே அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. நான் கரண்டியால் அவர் உள்ளங்கையில் கொஞ்சம் வைத்தேன். ஒரு வாய் கசப்பு டீ, நுனிநாக்கில் கொஞ்சம் சீனி, மறுபடி ஒரு வாய். நிதானமாகக் குடித்தார். தம்ளர் காலியானபோது சரியாக உள்ளங்கையும் காலியாக இருந்தது.

அவர் சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர் என்பதை நீதான் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து எனக்குச் சொன்னாய். அவருடைய தாத்தா பூலாம்பாடிப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போனவர். அம்மா அப்பா இரண்டு பேரும் அங்கே கொழுந்து பறித்தவர்கள். மலை முழுக்கத் தேயிலை, ஆனால் லயம் என்கிற வரிசை வீடுகளில் பாலும் கிடையாது, சீனியும் அருமை. அதனால் பிள்ளைகளுக்கு ஒரு தம்ளர் சாயத்தண்ணியும் உள்ளங்கையில் கொஞ்சம் சீனியும் கொடுப்பார்களாம். தம்ளர் முடிகிற வரைக்கும் அதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். இவர் எப்போதும் முதலிலேயே நக்கித் தீர்த்துவிட்டு, பிறகு கசப்பை முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பாராம். அவருடைய அக்கா கடைசிவரை மிச்சம் வைத்திருந்து, தம்பி முகத்தைப் பார்த்துவிட்டு அதில் பாதியைக் கொடுத்துவிடுமாம். ஒப்பந்தம் போட்டுத் தோட்டத்து ஆட்களைக் கப்பலில் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பியபோது அவருக்குப் பத்து வயது. இங்கே வந்தபிறகு சீனிக்குப் பஞ்சமில்லை, ஆனால் பழக்கம் போகவில்லை. நீயும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையில் சர்க்கரையோடு குடித்துப் பார்த்தாய். முதல் வாயிலேயே மொத்தத்தையும் நக்கிவிட்டு என்னிடம் கையை நீட்டினாய். நீ எப்போதும் அப்படித்தான், தம்பி. இப்போதும் அப்படித்தான். அதில் எனக்கு வருத்தமில்லை, ஆசையோடு இருக்கிற பிள்ளை நல்ல பிள்ளைதான்.

இனி நான் சொல்லப்போவது உனக்குத் தெரியாதது. நீ காலேஜில் சேர்ந்து கோயம்புத்தூர் போய்விட்டாய். தங்கராசுவின் மனைவி மல்லிகாவுக்கு இரண்டு கிட்னியும் கெட்டுப்போனது. அரியலூருக்கு டயாலிசிஸுக்கு அழைத்துப் போய் வருவார். ஒருநாள் வெயிலில் இருவரும் பஸ்ஸிலிருந்து இறங்கி, நிழலுக்காக நம் கடையில் உட்கார்ந்தார்கள். வழக்கம்போல நான் டீ போடப் போனேன். தங்கராசு வேண்டாம் என்று கையைக் காட்டினார். மல்லிகா சிரித்துக்கொண்டே காரணத்தைச் சொன்னது. மல்லிகாவுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் அளந்து கொடுத்திருந்தார். அது டீ குடிக்க முடியாததால் இவரும் வீட்டில் டீயை விட்டுவிட்டார். அதன் எதிரில் ஒரு வாய்கூடக் குடிப்பதில்லை. "உங்க கடைல குடிச்சிட்டு வருவாரு, வூட்ல அதப் பத்தி வாயத் தொறக்க மாட்டாரு. ஆனா சட்டைல வாசன வந்துரும். நான் மோந்து பாத்துக்குவேன்" என்றது.

பிறகு என்னிடம், எனக்கு ஒரு வாய் தருவீர்களா, இன்றைய தண்ணீர்க் கணக்கில் கழித்துக்கொள்கிறேன் என்று கேட்டது. நான் தங்கராசுவைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். நல்ல பால், புதுத் தூள், இஞ்சி, ஏலக்காய் எல்லாம் போட்டு, என் ஆயுளிலேயே அவ்வளவு பார்த்துப் பார்த்து ஒரு டீ போட்டது கிடையாது. அதில் ஒரே ஒரு வாய் ஊற்றிக் கொடுத்தேன். மல்லிகா அதை வாயில் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, விழுங்காமல் அப்படியே வைத்திருந்தது. ரோட்டில் லாரிகள் போயின, வந்தன. அது வைத்தே இருந்தது. கண்ணைத் திறந்தபோது அந்த முகத்தில் இருந்த நிறைவை, தம்பி, அண்டா அண்டாவாக டீ விற்ற இத்தனை வருஷத்தில் வேறு எந்த முகத்திலும் நான் பார்க்கவில்லை. நான் அதுவரை ஆசை என்றால் நிறைய வேண்டும் என்பது என்றுதான் நினைத்திருந்தேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். மல்லிகா திருச்சி ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு மழைச் சாயங்காலம், தங்கராசு தனியாகக் கடைக்கு வந்தார். வேறு ஆளில்லை. நான் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவ்வளவு பெரிய லாரியை ஓட்டுகிற மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுதார். என் கை அவர் தோளுக்குப் போனது. ஆமாம், போனது. உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும்? ஆசை இருந்ததா என்று கேட்டால், இருந்தது. அன்றைக்குத்தான் எனக்கே அது தெரிந்தது. தோளைத் தொடுவதற்கு முன்னால் கையைத் திருப்பிக்கொண்டு, அடுப்பைப் பார்த்துத் திரும்பினேன். டீயைப் போட்டு எதிரில் வைத்தேன். அவர் கையை நீட்டினார். விரல் படாமல் கரண்டியால் சீனியை வைத்தேன். அவ்வளவுதான். அவர் குடித்துவிட்டு மழையில் இறங்கிப் போனார். மறுநாளிலிருந்து கொஞ்ச நாளைக்கு அந்த நேரத்தில் ராணி அக்காவை வந்து கடையில் உட்காரச் சொன்னேன். அக்கா ஏன் என்று கேட்கவில்லை.

இதுதான் நடந்தது. இதற்கு மேல் ஒன்றும் இல்லை. அன்றைக்கு ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசியிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு அந்த ஒரு வாய் டீயைக் குடித்த பெண்ணின் முகத்தை என்னால் மறுபடி நினைத்துப் பார்க்கவே முடியாமல் போயிருக்கும். இப்போது தினமும் நினைத்துக்கொள்கிறேன், சந்தோஷமாக நினைத்துக்கொள்கிறேன். ஆசையே கூடாது என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். நான் உனக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். ஆசையைக் கையில் வைத்துக்கொண்டே இருக்கலாம், அதற்கு வேளை வரவில்லை என்றால் வாயில் போடாமல் இருக்கலாம். அப்படி இருப்பதால் யாரும் செத்துவிடுவதில்லை. எனக்கு அது தெரியும், நான் இருந்திருக்கிறேன்.

நீ வேலையில் சேர்ந்த வருஷம் மல்லிகா போய்விட்டது. துக்கத்துக்கு நானும் ராணி அக்காவும் தூக்கில் டீ எடுத்துக்கொண்டு போனோம். அக்கா எனக்குச் செய்ததையே நான் அங்கே செய்தேன். தம்ளரை அவர் பக்கத்தில் வைத்தேன், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு வருஷங்கள் ஓடின. அவர் கண்ணில் புரை விழுந்து லாரியை விட்டார். வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டு பூலாம்பாடிக்குப் பக்கத்தில் அவர்களுடைய பழைய வீட்டுக்கே போய்விட்டார். இனி வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரமே, காலை பத்து மணி பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வருகிறார். அங்கிருந்து பெரம்பலூர் வந்து, பஸ் மாறி, ஆலத்தியூர் வந்து, ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். பெஞ்சில் இருப்பவர்கள் கேலி பேசினார்கள், அவர் காதில் வாங்கவே இல்லை. கண்ணுக்கு ஆபரேஷன் செய்து கட்டோடு இருந்த சில நாட்கள் மட்டும் வரவில்லை. அந்த நாட்களில் பத்து மணி பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் நான் டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். கடைக்கு வருகிற அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது.

போன மாதம் ஒருநாள் நானே கேட்டுவிட்டேன். "ஒரு டீக்கு எதுக்குங்க ரெண்டு பஸ்ஸு மாறி வரீங்க? பூலாம்பாடில டீக்கடை இல்லையா?"

அவர் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "டீக்குன்னா நான் பஸ்ஸே ஏறியிருக்க மாட்டேங்க" என்றார். சொன்னவருக்கே பயம் வந்துவிட்டது போல. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். மீதிச் சீனியை மூடிய கையிலேயே வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

அதன் பிறகு வரவில்லை. ஒவ்வொரு நாளும் பத்து மணி பஸ் வரும், யார் யாரோ இறங்குவார்கள். ஒரு வாரம் இந்தக் கூத்தைப் பார்த்த ராணி அக்கா, அவர் வரவில்லை என்றால் நீ போய்ப் பார் என்றார். நான் போவதா என்று கேட்டேன். "இத்தன நாளா அவரு வந்தாருல்ல. பஸ்ஸு ரெண்டு பக்கமும்தான ஓடுது" என்றார்.

போனேன், தம்பி. கடையை ராணி அக்காவிடம் விட்டுவிட்டு, என் மருமகள் நித்யா எடுத்துக் கொடுத்த பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பூலாம்பாடி பஸ்ஸில் மாறி ஏறினேன். அன்றைக்கு அவர் வீட்டுக்கு ஜெயங்கொண்டத்திலிருந்து அவருடைய மகள் கவிதா வந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு, நேராக உள்ளே போய் டீ போட ஆரம்பித்தார். விருந்தாளிக்குப் பால் டீதான் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். பால் டீ போட்டுப் பழக்கமே கிடையாது. பால் பொங்கி அடுப்பு அணைந்த சத்தம் கேட்டது. கடைசியில் ஒரு தம்ளர் வந்தது. அடிப்பிடித்த வாசனை, தூள் மிதக்கிறது, சீனியோ பாகு மாதிரி. நம் கடையில் ஒரு ஆள் அப்படி டீ போட்டால் அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிடுவேன். நான் கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

குடித்து முடித்து, கவிதாவை வைத்துக்கொண்டே கேட்டேன். "இனிமே நீங்க பஸ்ஸு ஏறி வர வேணாங்க. ஒரே வூட்ல இருந்துக்கலாமா?"

அவர் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். கவிதா காலித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. வெகுநேரம் வரவில்லை. இந்தப் பெண்ணுக்குப் பிடிக்கவில்லை என்றால் எழுந்து போய்விட வேண்டும், இத்தனை வருஷம் இருந்தவளுக்கு இனியும் இருக்கத் தெரியும் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். கவிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "எங்கம்மா உங்க கடைல குடிச்ச அந்த ஒரு வாய் டீயப் பத்தி சாவற வரைக்கும் சொல்லிட்டே இருந்துச்சுங்க" என்றது. பிறகு, அப்பாவுக்குச் சாயங்காலம் பிரஷர் மாத்திரை இருக்கிறது, நினைவுபடுத்தினால்தான் போடுவார், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றது. அவ்வளவுதான், தம்பி. முடிந்துவிட்டது. திரும்பி வருகிற பஸ்ஸில் நான் சிரித்துக்கொண்டே வந்தேன், பக்கத்தில் இருந்த பெண் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் உனக்குப் போன் செய்தேன். நீ வைத்தாய். உனக்கு ஒன்று சொல்கிறேன், என் விஷயத்துக்காக இல்லை, பொதுவாகச் சொல்கிறேன். டீயை ஏன் இவ்வளவு உயரத்துக்குத் தூக்கி ஆற்றுகிறோம்? குடிக்கிறவன் வாய் வெந்துவிடக் கூடாது என்பதற்காக. நம் தோள்தான் வலிக்கிறது. பேச்சும் அப்படித்தான். கோபம் வந்தால் போனை வை, தப்பில்லை. ஆனால் ஆறியதும் திரும்ப எடு. நித்யாவிடமும் அப்படியே இரு. அது உன்னைவிட நிதானமான பெண். திங்கட்கிழமை எனக்குப் போன் செய்து, "அத்தை, அவரு கோபமாத்தான் இருக்காரு. நான் லீவு சொல்லிட்டேன். என்ன கலர் சேலை கட்டிட்டு வரட்டும்?" என்று கேட்டது. இதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அது சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன்.

இப்போது உண்மையான விஷயம். வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டதும் நாங்கள் எங்கே போகிறோம் தெரியுமா? கோத்தகிரி. தங்கராசுவின் அக்கா, சீனியில் பாதியைக் கொடுத்த அதே அக்கா, அங்கேதான் இருக்கிறது. இந்தியா வந்ததும் அங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் போய், அங்கேயே ஓய்வு பெற்று, அங்கேயே வீடு. நான் இத்தனை வருஷமாக மூட்டை மூட்டையாகத் தேயிலைத் தூளைக் கொதிக்க வைத்திருக்கிறேன், ஒரு தேயிலைச் செடியை இதுவரை கண்ணால் பார்த்தது கிடையாது. இதை அக்காவிடம் போனில் சொன்னேன். அதற்கு நம்பவே முடியவில்லை. காலையில் பனி விலகுகிற நேரத்தில் என்னைத் தோட்டத்துக்கு அழைத்துப் போய்க் கொழுந்து பறிக்கச் சொல்லித் தருகிறதாம். அந்தச் செடியைச் சும்மா விட்டால் பெரிய மரமாக வளர்ந்துவிடுமாம், தெரியுமா உனக்கு? இடுப்பு உயரத்துக்கு வெட்டி வெட்டிக் கவாத்துப் பண்ணி வைத்திருப்பதால்தான் கொழுந்து துளிர்க்கிறதாம். மரமாக வேண்டும் என்று ஆசைப்படுகிற செடியின் சாற்றையா நான் இவ்வளவு நாள் விற்றேன் என்று நினைத்தால் எனக்குத் தூக்கமே வரவில்லை. ஒரு ஸ்வெட்டரும் வாங்கிவிட்டேன். அரியலூர் வெயிலில் அதைப் போட்டுப் பார்த்ததில் வேர்த்துவிட்டது.

கல்யாணத்துக்கு வர உனக்கு மனம் வந்தால் பெரம்பலூருக்கு வா. வரவில்லை என்றால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன், அழவும் மாட்டேன், கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வருவேன். நாங்கள் திருச்சி போய், அங்கிருந்து மேட்டுப்பாளையம் வந்து, வெள்ளிக்கிழமை காலை மலை பஸ் பிடிக்கிறோம். கோயம்புத்தூரில் உங்கள் வீட்டிலிருந்து மேட்டுப்பாளையம் எவ்வளவு தூரம்? நித்யாவை அழைத்துக்கொண்டு அங்கேயாவது வந்து சேர். உனக்கும் அதற்கும் நான் சீட் பிடித்து வைக்கிறேன். அவரிடம் நீ ஒன்றும் பேச வேண்டியதில்லை, அவரும் உன்னை எதுவும் கேட்க மாட்டார், காத்திருக்கத் தெரிந்த மனுஷன். மலை ஏறுகிற வரைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை. ஒன்றே ஒன்று மட்டும். சின்ன வயதில் எந்த பஸ்ஸில் ஏறினாலும் ஜன்னல் ஓரம் உனக்குத்தான், உன் தலைக்கு மேலே எட்டிப் பார்த்துத்தான் நான் இந்த ஊரையெல்லாம் பார்த்தேன். வெள்ளிக்கிழமை அதைக் கேட்காதே. அந்த ஜன்னல் எனக்கு.

அம்மா